வீக்கம் வடிந்தால் போதுமா?

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்க வீட்டுக்காரர் ஏரிக்கரையில மட்டக்குதிரை சவாரி விடறார். போன மாசம் சரிவுல கால் வழுக்கி, குதிரைக்கு முன்னங்கால் பின்பக்க நரம்பு வீங்கிப்போச்சு. நாலு வாரம் கட்டிவச்சு வைத்தியம் பார்த்தோம். இப்ப வீக்கம் வடிஞ்சிடுச்சு, நொண்டலும் இல்லை. ஏப்ரல், மே சீசன் வருமானத்துலதான் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும். சேணம் வைக்கலாமா அக்கா?"

இப்போது வேண்டாம், தங்கச்சி. உங்கள் கஷ்டம் புரியாமல் சொல்லவில்லை. காரணத்தைக் கேளுங்கள்.

நீங்கள் நரம்பு என்று எழுதியிருப்பது தசைநார். பல இழைகள் சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி அது. சுளுக்கில் சில இழைகள் அறுந்துவிடும். வலியும் வீக்கமும் சில வாரங்களில் போய்விடும். ஆனால், அறுந்த இடத்தில் உடம்பு முதலில் போடும் ஒட்டு மிகவும் பலவீனமானது. அது இறுகிப் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மாவுக்கட்டு பிரித்த அன்றைக்கே அந்தக் கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவோமா? அதே கதைதான். இப்போது ஆளை ஏற்றினால் அதே இடம் மறுபடி அறுந்துபோகும். இரண்டாம் முறை அறுந்தால் முன்னைவிட மோசம். ஒரு சீசனுக்கு ஆசைப்பட்டுக் குதிரையையே இழக்கலாமா?

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வசதியிருக்கும் இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். லேசான சுளுக்கென்றால் சில மாதங்களில் வேலைக்கு வந்துவிடும். இழைகள் நன்றாக அறுந்திருந்தால் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை பிடிக்கும்.

அதுவரை கட்டியே போட்டுவைப்பதும் தப்பு. அளவோடு நடந்தால்தான் புது இழைகள் நேராக, வரிசையாக அமையும். மருத்துவர் சரியென்றதும் கையில் பிடித்து, சமதரையில், காலையும் மாலையும் பத்து பத்து நிமிஷம் நடத்துங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டே போகலாம். சேறும் சரிவும் கூடாது. மேய்வதற்கு அவிழ்த்து விடவும் வேண்டாம். பல நாள் அடைந்து கிடந்த குதிரை துள்ளி ஓடினால் பட்ட பாடெல்லாம் வீண்.

தினமும் வெளியே கொண்டுபோகுமுன் இரண்டு முன்னங்கால்களையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோமே, அப்படி. ஒரு கால் மட்டும் சூடாகவோ தடிப்பாகவோ இருந்தால் அன்று நடை வேண்டாம். மருத்துவரைக் கேட்டு, முந்தின வாரத்து அளவிலிருந்து தொடங்குங்கள். வலி மாத்திரை கொடுத்து வேலை வாங்கவே கூடாது. வலி மறையுமே தவிர, காயம் ஆறாது.

வேலையில்லாத குதிரைக்குக் கொள்ளும் தவிடும் பழைய அளவில் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புல்லும் வைக்கோலும் கொடுங்கள். கொழுத்தால் காலுக்குப் பாரம். குளம்பு நோயும் வரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைச் சரிபார்க்க வேண்டும்.

மருத்துவர் சம்மதித்த பிறகு, எடை குறைந்த, சவாரி பழகிய ஒருவரை ஏற்றி நடையில் தொடங்குங்கள். பல வாரம் கழித்து ஓரிரு நிமிஷம் மெல்லோட்டம். எப்போதுமே ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 200 கிலோ குதிரை என்றால் 40 கிலோ.

பிள்ளைகளோடு மலைக்குப் போகும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. சவாரிக்கு முன் குதிரையைப் பத்தடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் ஒன்று தரையில் ஊன்றும்போதெல்லாம் தலையை மேலே தூக்கினால் அந்தக் காலில் வலி என்று அர்த்தம். "இந்தக் குதிரை ஓய்வெடுக்கட்டும், வேறொன்று கொண்டு வாங்க" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஆசையாக இருக்கிறதென்று கனத்த உடம்போடு நாமும் கூட ஏறிக்கொள்ள வேண்டாமே!

தங்கச்சி, இந்த சீசன் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துத்தான் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும். ஸ்கூல் பீஸைத் தவணையில் கட்ட முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கால் முழுசாகத் தேறிவிட்டால், அந்தக் குதிரை இன்னும் பல சீசனுக்கு உங்கள் வீட்டில் அடுப்பெரிய உழைக்கும்.