ஷட்டரிங் பிரிக்கும் நாளின் வெப்பக் கணக்கு

பருமனான கான்கிரீட்டின் வெப்பநிலை குறித்து நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. 'கெழுக்கள் காலத்தோடு மாறுகின்றன, ஆகவே பகுமுறைத் தீர்வு இயலாது' என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு மென்பொருளின் வண்ணப்படங்களுக்குப் போய்விடுகிறார்கள். அந்த 'ஆகவே'யை நாம் ஏற்கவில்லை. எந்தக் கெழு மாறுகிறது, அது சமன்பாட்டின் உள்ளே இருக்கிறதா எல்லை நிபந்தனையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இயலும், இயலாது என்ற பேச்சே எழ வேண்டும்.

உள்ளே இருக்கும் மாற்றம் எளிது. இளம் கான்கிரீட்டின் கடத்துதிறனும் வெப்பக் கொள்ளளவும் வயதோடு மாறும். ஒரே வார்ப்பில் போட்ட சுவருக்கு எங்கும் ஒரே வயது என்று கொண்டால், வெப்பப் பரவுதிறன் காலத்தை மட்டுமே சார்ந்ததாகிறது. அதைத் தொகையிட்டு, கிடைக்கும் தொகையையே புதிய காலமாக வைத்துக்கொள்ளுங்கள். பரவுதிறன் கூடும்போது விரைந்தும் குறையும்போது தயங்கியும் ஓடும் கடிகாரம் அது. அந்தக் கடிகாரத்தில் சமன்பாடு மாறிலிக் கெழுச் சமன்பாடாகிவிடும். சிமென்ட் நீரேற்றத்தில் பிறக்கும் வெப்பம் கடத்துதிறனால் வகுபட்டு மூல உறுப்பாக நிற்கும். வெப்பநிலைக்கு நேர்விகிதமான இழப்பு உறுப்பு இருந்தால் ஓர் அடுக்குக்குறிக் காரணி அதை நீக்கிவிடும். வெளிக்காற்றின் ஏற்ற இறக்கத்துக்கோ, 1833இல் டுயமெல் தந்த தொகையீடு இருக்கிறது. வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கும் ஊடகத்தில் வைத்த திண்மப் பொருள்தான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

சிக்கல் எல்லையில் இருக்கிறது. 1822இல் ஃபூரியே வெளியிட்ட நூலில் கோளம் குளிரும் கணக்கு வருகிறது. அதில் பரப்பின் வெப்ப இழப்புக் கெழு ஒரு மாறிலி. அதனால்தான் ஐகன் மதிப்புகள் அசையாமல் நின்றன, மாறிகளைப் பிரிக்க முடிந்தது. இழப்புக் கெழு காலத்தோடு மாறினால் ஐகன் மதிப்புகளும் நகரத் தொடங்கிவிடும். ஆனால் இங்கும் ஒரு சலுகை உண்டு. எல்லை நிபந்தனையில் இழப்புக் கெழு தனியாக வருவதில்லை. அரைப்பருமனால் பெருக்கப்பட்டு, கடத்துதிறனால் வகுக்கப்பட்டு, பயோ எண்ணாகவே வருகிறது. கடிகாரத்தை மாற்றிய பின் எஞ்சும் தொல்லை முழுவதும் அந்த ஓர் எண்ணில்தான். இழப்புக் கெழுவும் கடத்துதிறனும் ஒரே விகிதத்தில் மாறினால் பயோ எண் மாறாது, தொல்லையும் இல்லை.

எண்களோடு பார்ப்போம். 1.5 மீட்டர் பருமனுள்ள ஒரு சுவர், இருபுறமும் 18 மில்லிமீட்டர் பிளைவுட். கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 2 வாட், பரவுதிறன் வினாடிக்கு ஒரு சதுர மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். பலகையும் காற்றும் சேர்ந்த இழப்புக் கெழு சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 5 வாட். பலகையைப் பிரித்து மெல்லிய காற்றில் விட்டால் 15. பயோ எண் 1.9 இலிருந்து 5.6க்குத் தாவுகிறது. முதல் ஐகன் மதிப்பின் வர்க்கமோ 1.12 இலிருந்து 1.79க்குத்தான் ஏறும். அதாவது பரப்பில் இழப்புக் கெழு மூன்று மடங்கானாலும் சுவரின் நடுப்பகுதி குளிரும் வேகம் 1.6 மடங்குதான் ஆகிறது. முழுச் சுவருக்கும் ஒரே வெப்பநிலை என்று கொள்ளும் எளிய மாதிரி இங்கே மூன்று மடங்கு என்றே சொல்லும்.

மேற்பரப்பில் நடப்பது வேறு. பிரித்த கணத்தில் பரப்பின் வெப்பநிலை மாற நேரமில்லை. ஆகவே வெப்ப ஓட்டமும் வெப்பநிலைச் சரிவும் உடனே மூன்று மடங்காகின்றன. பரப்புக்கும் காற்றுக்கும் 20 டிகிரி வேறுபாடு இருந்தால், சென்டிமீட்டருக்கு அரை டிகிரியாக இருந்த சரிவு ஒன்றரை டிகிரியாகிவிடும். தொடக்கத்தில் பரப்பு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் குளிரும். முதல் மணி நேரத்திலேயே சுமார் 5 டிகிரி போய்விடும். இவ்வளவும் வெளிப்புற 6 சென்டிமீட்டர் அளவிலான அடுக்கில் நடக்கிறது. 10 சென்டிமீட்டர் வலைக்கண் வைத்து எண்முறையில் தீர்த்தவருக்கு இந்த ஒரு மணி நேரம் கண்ணிலேயே படாது. பரப்பு விரிசல் தொடங்கக்கூடிய நேரமும் இதுதான். அரைவெளிக்கான பழைய சூத்திரம் இதை ஒரே வரியில் தருகிறது. 1959இல் வந்த கார்ஸ்லா, ஜேகர் நூலின் இரண்டாம் பதிப்பு கையில் இருப்பவர்களுக்கு அந்தச் சூத்திரம் புதிதல்ல.

கெழு படிப்படியாகத் தாவுகிறதா? ஒவ்வொரு தாவலிலும் அப்போதுள்ள வெப்பநிலைப் பரவலைப் புதிய ஐகன் சார்புகளில் விரித்து மீண்டும் தொடங்கினால் போதும். இது தோராயம் அல்ல, துல்லியமான தீர்வு. மெதுவாக மாறுகிறதா? 1974இல் ஓசிசிக்கும் மரேயும் காட்டிய வழியில், அந்தந்தக் கணத்து ஐகன் சார்புகளையே பயன்படுத்தலாம். அந்த விரிவின் கெழுக்களுக்கு ஒன்றோடொன்று பிணைந்த சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் கிடைக்கும். அந்தப் பிணைப்பு பயோ எண் மாறும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் சிறிதானால் பிணைப்பை விட்டுவிட்டு, ஐகன் மதிப்பின் வர்க்கத்தைக் காலத்தில் தொகையிட்டு அடுக்குக்குறியில் வைத்தாலே நல்ல முதல் விடை கிடைக்கும். மாற்றம் விரைவாகவும் ஒழுங்கற்றும் இருந்தால், பரப்பு வெப்பநிலைக்கு வோல்டெரா தொகையீட்டுச் சமன்பாடு ஒன்றை எழுதலாம். அதைக் கடைசியில் எண்முறையில்தான் தீர்க்க வேண்டியிருக்கும். ஆனால் தெரியாதது ஒரே ஒரு காலச் சார்பு மட்டுமே.

இவற்றின் எல்லையையும் சொல்ல வேண்டும். கெழு வெப்பநிலையைச் சார்ந்திருந்தால் மேலே சொன்ன பகுமுறை வழிகள் அப்படியே செல்லா. செஞ்சூட்டு எஃகை நீரில் அமிழ்த்தும்போது இழப்புக் கெழுவைப் பரப்பின் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. ஆவிப்படலம் உடையும் இடத்தில் அது பலமடங்கு தாவும். அங்கே அதைக் காலத்தின் சார்பாக எழுதிவைப்பது, விடையைத் தெரிந்துகொண்டு கேள்வி எழுதுவதாகும். கான்கிரீட்டிலும் சுவரின் நடுப்பகுதி சூட்டால் விரைவில் முதிர்கிறது. ஒரே வயது என்ற நம் எடுகோள் அங்கே தளர்கிறது. அப்போது எண்முறையே சரியான வழி.

ஆகவே கட்டுரையாளர்களிடம் நம் வேண்டுகோள் இது. மாறும் கெழு எங்கே இருக்கிறது, எதைச் சார்ந்து மாறுகிறது என்பதை முதலில் எழுதுங்கள். எண்முறையில் தீர்த்திருந்தால், மேலே சொன்ன வழிகளில் பொருந்தும் ஒன்றால் குறைந்தது ஓர் எளிய நிலையையாவது தீர்த்து, உங்கள் நிரல் அதனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுங்கள். ஷட்டரிங் பிரித்த முதல் மணி நேரத்தில் மேற்பரப்புச் சரிவு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை தராத கட்டுரையை, தளத்தில் நிற்கும் பொறியாளர் பயன்படுத்த முடியாது.