ஜேன் ஆஸ்டினுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது யார்?

2007-ல் வெளிவந்த 'பிகமிங் ஜேன்' படத்தில் ஒரு நூலகக் காட்சி வருகிறது. லண்டனில் சட்டம் படிக்கும் டாம் லெஃப்ராய் என்ற இளைஞன், கிராமத்துப் பாதிரியாரின் மகளான ஜேன் ஆஸ்டினிடம், உனக்கு உலக அனுபவம் போதாது என்கிறான். ஹென்றி ஃபீல்டிங்கின் 'டாம் ஜோன்ஸ்' நாவலைப் படி என்கிறான். அவள் படிக்கிறாள். கண் திறக்கிறது, காதல் வருகிறது, அது கைகூடாமல் போகிறது, அந்த வலியிலிருந்து நாவல்கள் பிறக்கின்றன. லெஃப்ராய் கற்பனைப் பாத்திரமல்ல. 1796 ஜனவரியில் அக்கா கசாண்ட்ராவுக்கு ஆஸ்டின் எழுதிய கடிதத்தில் அவர் வருகிறார். அவரிடம் இருக்கும் ஒரே குறை, காலையில் போட்டுக்கொள்ளும் கோட்டு ரொம்ப வெளுப்பாக இருப்பதுதான் என்று ஆஸ்டின் கிண்டலடிக்கிறார். மனிதருக்கு 'டாம் ஜோன்ஸ்' மீது அபாரப் பிரியம், அதனால்தான் கதாநாயகன் அடிபட்டபோது போட்டிருந்த நிறத்திலேயே உடுத்துகிறார் போலிருக்கிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அத்தனை பெரிய நாவலில் நாயகன் காயம்பட்ட வேளையில் உடுத்தியிருந்த நிறம்கூட நினைவிலிருக்கும் பெண்ணுக்கு அந்த நாவலை எவரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை. அக்காவுக்கும் அது புரியும் என்று நம்பித்தான் அந்தக் கேலியையே எழுதியிருக்கிறார். தவிர, லெஃப்ராய் வந்தது 1795 கிறிஸ்துமஸ் சமயத்தில். பதினோரு பன்னிரண்டு வயதிலிருந்தே ஆஸ்டின் கதைகளும் நையாண்டிகளும் எழுதிக் குவித்து, மூன்று நோட்டுப் புத்தகங்களில் நகலெடுத்து வைத்திருந்தார். அவை இன்றும் இருக்கின்றன.

படக்காரர்கள் தேதியைத் தப்பாகப் போட்டார்கள் என்று சண்டைக்கு நிற்பது என் நோக்கமல்ல. ஆங்கில இலக்கியவாதிகளைப் பற்றிய படங்களில் பெரும்பாலானவை, ஒரு நூல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன. வாழ்க்கையில் ஏதோ நடந்தது, அது அப்படியே தாளில் இறங்கியது என்பதுதான் அந்தப் பதில். படிப்பு, கற்பனை, அடித்தல் திருத்தல் மூன்றும் காணாமல் போகின்றன. இதிலும் ஆண், பெண் பேதம் உண்டு. ஆண் எழுத்தாளனுக்கு ஒரு பெண் தூண்டுதலாக வருகிறாள். பெண் எழுத்தாளருக்கோ ஓர் ஆண் வாத்தியாராக வருகிறான். 2022-ல் வந்த 'எமிலி' படம் எமிலி பிராண்டேவுக்கும் ஹாவர்த் ஊரின் உதவிப் பாதிரி வில்லியம் வெய்ட்மனுக்கும் தீவிரமான ரகசிய உறவு ஒன்றைக் கட்டியெழுப்புகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அக்கா சார்லட்டின் கடிதமொன்றைப் பார்த்தால் அந்த மனிதர் கோயிலில் பெருமூச்சு விட்டது தங்கை ஆனைப் பார்த்துத்தான்! எமிலியோ சிறு வயதிலிருந்து ஆனுடன் சேர்ந்து கோண்டால் என்ற கற்பனைத் தீவையே படைத்து, அதன் அரசிகளையும் துரோகங்களையும் சிறைவாசங்களையும் கவிதையாக எழுதிக்கொண்டிருந்தவர். 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலின் மூர்க்கம் எங்கே பழகிற்று என்று கேட்டால் அந்தத் தீவில் என்பேன். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு தீவைக் கற்பனை செய்த பெண்ணை நம்புவதைவிட, மழையில் நனைந்து காதலித்த பெண்ணை நம்புவது திரைக்குச் சுலபமாக இருக்கிறது.

2025-ல் வந்த 'ஹேம்நெட்' இந்த வகையில் மிக உயர்ந்த முயற்சி. அதனால்தான் அதோடு வாதிடுவது அவசியமாகிறது. மேகி ஓ'ஃபாரல் 2020-ல் எழுதிய நாவலை க்ளோயி சாவ் இயக்கியிருக்கிறார். ஷேக்ஸ்பியரின் ஒரே மகன் ஹேம்நெட் 1596-ல் பதினோரு வயதில் இறந்தான். சில ஆண்டுகள் கழித்து 'ஹாம்லெட்' வந்தது. அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே பெயராகவே புழங்கின. மகனை இழந்த தாய் குளோப் அரங்கில் நின்று அந்த நாடகத்தைப் பார்க்கும் கட்டத்தில் கல்மனமும் கரையும். ஆனால் மேடையில் ஒரு ஹாம்லெட் அதற்கு முன்பே உலவிக்கொண்டிருந்தான். எழுத்தாளர் தாமஸ் நாஷ் 1589-லேயே ஒரு முன்னுரையில் ஹாம்லெட்டைப் பெயர் சொல்லி நக்கலடித்துவிட்டார். அரங்க முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தில் 1594 ஜூன் மாதம் 'ஹாம்லெட்' ஆடியதற்கு எட்டு ஷில்லிங் வரவு எழுதியிருக்கிறது. அப்போது ஹேம்நெட் உயிரோடு விளையாடிக்கொண்டிருந்தான். அந்தப் பழைய நாடகம் தொலைந்துவிட்டது, யார் எழுதியது என்பதிலும் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கதையோ அதற்கும் பல நூற்றாண்டு மூத்த டென்மார்க் கதை. மகனின் சாவு ஷேக்ஸ்பியரை உலுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் எழுதியவற்றில் 'மச் அடு அபவுட் நத்திங்', 'ஆஸ் யூ லைக் இட்' போன்ற இன்பியல் நாடகங்களும் உண்டு. துக்கத்துக்கும் நாடகத்துக்கும் நேர்கோடு போட்டால் இவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு பழைய பழிவாங்கல் கதையை எடுத்து, பழிவாங்கத் தயங்குபவனின் கதையாகத் திருப்பியதில்தான் அதிசயம் இருக்கிறது. அது தொழில் தெரிந்த கை.

வேடிக்கை என்னவென்றால், வெறும் காதல் கேலிக்கூத்து என்று பலர் ஒதுக்கும் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' இந்த விஷயத்தில் ஓரளவு நேர்மையானது. ஏழு ஆஸ்கர் வாங்கிய 1998-ம் ஆண்டுப் படம். கதை ஓடாமல் தவிக்கும் ஷேக்ஸ்பியருக்கு மதுக்கடையில் சக நாடகாசிரியர் கிறிஸ்டஃபர் மார்லோ போகிறபோக்கில் கதையை எடுத்துக் கொடுக்கிறார். 'ரோமியோ அண்ட் ஜூலியட்' உண்மையில் ஆர்தர் புரூக் 1562-ல் வெளியிட்ட நெடுங்கவிதையிலிருந்து எடுத்தாண்ட கதை. திரைக்கதையில் கைவைத்த டாம் ஸ்டாப்பர்டுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த மதுக்கடைக் காட்சி அவர் அடிக்கும் கண்சிமிட்டல் என்றே படுகிறது. பிறகு படமும் வழக்கமான பாதைக்குத் திரும்பி, வயோலா என்ற சீமாட்டியின் காதலில் நாடகத்தைக் கரைத்துவிடுகிறது.

எழுத்தாளனின் வாழ்க்கை எழுத்தில் வரவே வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சார்லஸ் டிக்கன்ஸை வைத்தே கேட்கலாம். அப்பா கடனுக்காகச் சிறைக்குப் போன சமயத்தில், பன்னிரண்டு வயதுப் பையன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டினான். அந்த அவமானம் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் வந்தது. வந்தது எப்படி என்பதைத்தான் பார்க்க வேண்டும். கால் நூற்றாண்டு கழித்து, தொழிற்சாலை ஒயின் கிடங்காகி, பையன் அநாதையாகி வந்தது. நடந்ததை அவர் கலைத்து அடுக்கினார். 2017-ல் வந்த 'தி மேன் ஹூ இன்வென்டட் கிறிஸ்துமஸ்' படமோ அதே தொழிற்சாலையை 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதைக்கும் சாவியாகத் திணிக்கிறது. அந்தக் கதைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1836-37-ல் மாதத் தொடராக வந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலிலேயே ஒரு கிளைக்கதை உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் சிடுமூஞ்சி வெட்டியான் ஒருவனைக் குட்டிச்சாத்தான்கள் பிடித்துக்கொண்டுபோய், ஒரு குடும்பத்தின் அன்பையும் ஒரு குழந்தையின் சாவையும் காட்டித் திருத்துகின்றன. 'கேரல்' கதையின் நாயகன் ஸ்குரூஜின் அண்ணன் அவன். 1843-ல் டிக்கன்ஸ் செய்தது, தன்னுடைய பழைய கதையையே எடுத்து, குழந்தைத் தொழிலாளர்கள் பற்றிய அரசு அறிக்கை மூட்டிய கோபத்தை அதில் ஏற்றி, ஆறு வாரத்தில் புதிதாக எழுதியது. அந்தக் கையெழுத்துப் பிரதி நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. பக்கம் பக்கமாக அடித்தலும் திருத்தலும்தான்.

சினிமாக்காரர்கள் சொல்லும் அடுத்த சமாதானம், எழுதுவதைப் படமாக்க முடியாது என்பது. ஒருவர் மேசையில் குனிந்து எழுதுவதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள் என்பார்கள். ஆவணப்படங்கள் இதற்குப் பாதி பதில் சொல்லிவிட்டன. மைக்கேல் வுட் 2003-ல் பிபிசிக்காக 'இன் சர்ச் ஆஃப் ஷேக்ஸ்பியர்' எடுத்தபோது, தேவாலயப் பதிவேடுகளையும் நீதிமன்றக் காகிதங்களையும் புரட்டிக் காட்டியே நாலு பகுதிகளை விறுவிறுப்பாக நகர்த்தினார். (சிதம்பரத்தைப் பற்றி 'தி ஸ்மைல் ஆஃப் முருகன்' எழுதிய அதே வுட்தான்.) கதைப்படங்களிலும் விதிவிலக்கு உண்டு. பிராண்டே சகோதரிகளைப் பற்றி 2016-ல் பிபிசிக்காக சாலி வெய்ன்ரைட் எடுத்த 'டு வாக் இன்விசிபிள்' காதலன் யாரையும் தேடவில்லை. ஆண்களுடையது போல் தோன்றும் புனைபெயர்கள், பதிப்பாளர்களோடு பேரம், குடிகாரச் சகோதரனை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் மூவர் எழுதுவது என்று எழுத்துத் தொழிலையே கதையாக்கியது. அலுப்புத் தட்டவில்லை.

முழுப் பதிலை ஆஸ்டினே எழுதி வைத்திருக்கிறார். அவர் முடித்து வெளியான நாவல்களில் 'பெர்சுவேஷன்' ஒன்றுக்குத்தான் கையெழுத்தில் ஏதோ மிஞ்சியிருக்கிறது. அதுவும் வேண்டாமென்று அவர் தள்ளிய இரண்டு அத்தியாயங்கள். 1816 ஜூலை நடுவில் நாவலை முடித்து, முற்றும் போட்டு, தேதியும் எழுதிவிட்டார். அந்த வடிவத்தில் காதலர்கள் ஒரு வீட்டு அறையில் தனியே விடப்பட்டு, சுலபமாகச் சேர்ந்துவிடுகிறார்கள். அது சப்பென்று இருக்கிறதே என்று மனம் சோர்ந்து படுக்கப்போனார் என்கிறார் அண்ணன் மகன், தான் எழுதிய வாழ்க்கை வரலாற்றில். மறுபடி எழுதி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் முடித்தார். புதிய வடிவத்தில் பாத் நகரத்து விடுதி அறை. நாயகன் வென்ட்வொர்த் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான். சற்றுத் தள்ளி நாயகி ஆன், ஆணா பெண்ணா யார் நீண்ட நாள் மறவாமல் காதலிப்பவர் என்று வேறொருவரிடம் வாதிடுகிறாள். அவன் பேனா கீழே விழுகிறது. அவள் பேசப் பேச, அவளுக்கே இன்னொரு கடிதத்தை எழுதத் தொடங்குகிறான். ரோஜர் மிஷல் 1995-ல் இதைப் படமாக்கினார். ஒருவன் குனிந்து எழுதுகிறான், அவ்வளவுதான், பார்ப்பவருக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அந்த நாவல் பலமுறை திரைக்கு வந்துவிட்டது. எழுதியவர் அந்தச் சில வாரங்களில் முதல் முடிவை அடித்துவிட்டு இந்த அறையைக் கண்டுபிடித்ததையும் ஒரு படமாக எடுக்கலாம். தள்ளிய அத்தியாயங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இருநூறு ஆண்டுப் பழைய கதை, உரிமைக்குக் காசும் கொடுக்க வேண்டாம்.