நாள் தப்பினால் செண்டுமல்லி காவல் காக்காது

பாலக்கோடு பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டம். பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை என்று, பயிற்சி முகாமில் நாங்கள் சொன்னபடியே செண்டுமல்லி நட்டிருந்தார் அந்த விவசாயி. ஆனாலும் துளை விழுந்த காய்களைக் கூடை கூடையாகப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். “நீங்க சொன்னீங்கன்னுதான் சார் செண்டு வச்சேன். இப்ப புழுவே அதுலதான் வளருது” என்றார். பூக்களைப் பிய்த்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

தவறு அவருடையதல்ல. ‘செண்டுமல்லி வையுங்கள், காய்ப்புழு குறையும்’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிய எங்களுடையது. விதையைக் கொடுத்தோம், நாள் கணக்கைக் கொடுக்கவில்லை.

காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, தக்காளியைவிடச் செண்டுமல்லியின் மொட்டிலும் பூவிலும் முட்டையிடுவதையே அதிகம் விரும்புகிறது. ஆகவே, தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால் இது நடக்காது. செண்டுமல்லி பூப்பதற்குள் தக்காளி காய்பிடித்துவிடும். பூச்சி நேரே தக்காளிக்குப் போகும்.

45 நாள் வயதுள்ள உயர ரகச் செண்டுமல்லி நாற்றையும், 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டும் என்பதே பரிந்துரை. அதாவது, தக்காளி விதைக்கும் நாளுக்கு 20 நாள் முன்பே செண்டுமல்லியை விதைத்துவிட வேண்டும். ஜூன் 1-ல் செண்டுமல்லி, ஜூன் 21-ல் தக்காளி என்று விதைத்தால், ஜூலை 16-ல் இரண்டையும் நடலாம்.

அடுத்தது வெயில். செண்டுமல்லி முழு வெயில் கேட்கும் செடி. நிழலில் நட்டால் கொடிபோல நீண்டு வளருமே தவிர, பூ குறைந்துவிடும். வரப்போரம் மக்காச்சோளம் வேலிப்பயிராக நிற்கும் தோட்டங்களில், அதன் நிழலிலேயே செண்டுமல்லியையும் நட்டிருப்பதைப் பார்க்கிறேன். பூவில்லாத செடி பூச்சியை எப்படி ஈர்க்கும்? வயலுக்குள் வரிசையாக நடுங்கள். தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதீர்கள், இலைதான் மண்டும். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகல் வரும்.

பூவுக்காகத் தனிப்பயிராக நடுவோர் 45-க்கு 35 செ.மீ. இடைவெளி விட்டு, நட்ட 30-ஆம் நாள் நுனி கிள்ளுவது வழக்கம். கிளை பெருகும், பூ கூடும். ஆனால், பொறிப்பயிராக நட்ட வரிசையில் நுனி கிள்ளாதீர்கள். கிள்ளினால் பூப்பது தள்ளிப்போகும். நாள் கணக்கு மறுபடி தவறும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பூ எடுப்பது. ஆயுதபூஜைக்கு விலை ஏறும் இந்தப் பூ, அது முடிந்ததும் படுத்துவிடும். பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறீர்கள். உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் பறிக்காத பூவுக்குள் இருக்கும் புழு வளர்ந்து, அந்துப்பூச்சியாகித் தக்காளிக்குத்தான் திரும்பும். விற்றாலும் விற்காவிட்டாலும் பூவைப் பறித்துவிடுங்கள். புழு தாக்கியவற்றை அழித்துவிடுங்கள். புழு சிறிதாக இருக்கும்போதே என்.பி.வி. வைரஸ் கரைசலை மாலையில் தெளிக்கலாம். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். கோடையில் செஞ்சிலந்தி வந்திருக்கிறதா என்று இலையின் அடிப்புறத்தையும் பாருங்கள். பறிக்க ஆளில்லை என்றால், நடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

நூற்புழு விஷயத்திலும் இதே அரைகுறைதான். செண்டுமல்லி வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் உண்டு. அதிலும் குட்டையாக வளரும் பிரெஞ்சு வகை வேர்முடிச்சு நூற்புழுவுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால், அது தன் வேர் பரவும் மண்ணைத்தான் காக்கும். வரப்பில் நிற்கும் ஒரு வரிசை வயல் முழுவதையும் சுத்தப்படுத்தாது. நூற்புழு உள்ள நிலத்தில், காய்கறிக்கு முந்தைய பருவத்தில் இரண்டு மூன்று மாதம் அதை நெருக்கமாக, களையில்லாமல் வளர்த்தால்தான் பலன். களையின் வேரிலும் நூற்புழு பிழைத்துக்கொள்ளும்.

விரிவாக்கப் பணியில் உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை செண்டுமல்லி விதை வழங்கும்போது, அந்த விவசாயி தக்காளி விதைக்கப்போகும் தேதியைக் கேளுங்கள். அதிலிருந்து 20 நாளைக் கழித்து, பாக்கெட்டின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள். பூ எடுக்க ஆள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த இரண்டையும் கேட்காமல்தான் பாலக்கோட்டு விவசாயியை நாங்கள் அனுப்பிவைத்தோம். அவர் இனி ஒரு செண்டுமல்லி நாற்றைக்கூடத் தன் வயலில் நடப்போவதில்லை என்கிறார்.