பகைவனும் வேண்டும்: ஒரு கணக்குச் சொல்லும் பாடம்



புலி பெருகினால் மான் குறையும். மான் குறைந்தால் புலி பட்டினியால் மடியும். புலி குறையவே மான் மீண்டும் பெருகும். நாம் அனைவரும் அறிந்த இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதியபோது, எவரும் எதிர்பாராத உண்மையொன்று வெளிப்பட்டது.

முதல் உலகப் போரின்போது (1914–1918) ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடித் தொழில் பெரிதும் தடைப்பட்டது. அவ்வாண்டுகளின் மீன்சந்தைக் கணக்குகளை ஆராய்ந்த இத்தாலிய உயிரியலறிஞர் உம்பர்ட்டோ டி'அங்கோனா, பிற மீன்களைத் தின்னும் சுறா முதலியவற்றின் பங்கு கூடியிருக்கக் கண்டு வியந்தார். வலை ஓய்ந்ததால் வேட்டை மீன்கள் மட்டும் ஏன் கூடுதல் நன்மை அடைய வேண்டும்?

இவ்வினாவுக்கு 1926-இல் விடை கண்டவர் கணித மேதை விட்டோ வொல்தேரா. ஆல்பிரட் லோட்கா என்பவரும் அமெரிக்காவில் 1925-இல் இதே சமன்பாடுகளைத் தனியே எழுதியிருந்தார். இரையையும் அதைத் தின்பதையும் நாம் ஒரே விகிதத்தில் அழித்து வந்தால், சராசரியில் இரை பெருகும். வேட்டை உயிரே குறையும். இரைக்கு ஏற்படும் இழப்பை அதன் பகைவன் குறைவது ஈடுசெய்துவிடுகிறது. வேட்டை உயிருக்கோ அத்தகைய ஈடு எதுவுமில்லை. வலை ஓய்ந்தபோது இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது.

இக்கணக்கு கடலோடு நிற்பதன்று. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவந்த செதில்பூச்சியை, 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகைப் பொறிவண்டு அடக்கியது. 1940-களின் பிற்பகுதியில் டி.டி.டி. தெளிக்கப்பட்டபோது பொறிவண்டு மடிந்தது; செதில்பூச்சி மீண்டும் தலைதூக்கியது.

ஆனால் அச்சமன்பாடுகளில் ஒரு குறை இருந்தது. எல்லா உயிர்களும் ஒரே இடத்தில் கலந்து வாழ்வதாக அவை கருதின. இடம் என்பதன் சிறப்பை விளக்கியது, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹஃபேக்கர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு. தட்டுகளில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கி, பழத்தை உண்ணும் சிலந்திப்பேன்களையும், அவற்றை உண்ணும் வேறொரு பேனையும் விட்டார். எளிய அமைப்புகளில் வேட்டைப்பேன் இரையைத் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியால் அழிந்தது.

பின்னர் பழங்களுக்கிடையே வாசலீன் தடவித் தடைகள் அமைத்தார். சிறு மரக்குச்சிகளையும் நட்டார். இரைப்பேன் குச்சியின் உச்சியிலிருந்து நூலிழை விட்டு, காற்றில் மிதந்து புதிய பழத்தை அடைந்தது. வேட்டைப்பேனோ நடந்தே செல்ல வேண்டியிருந்தது. ஓரிடத்தில் அழிந்த இரை மற்றோரிடத்தில் தழைத்தது. பகைவன் வந்து சேருமுன் அடுத்த இடம் பெயர்ந்தது. இரண்டு இனங்களும் மூன்று முறை பெருகிக் குறைந்து நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தன.

இன்று கணித அறிஞர்கள் இந்த இடப்பெயர்ச்சியையும் சமன்பாட்டில் சேர்க்கின்றனர். அப்போது கணினித் திரையில் இரையும் வேட்டை உயிரும் அலைகளாகவும், சுருள்களாகவும், திட்டுத்திட்டாகவும் பரவுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் போராட்டம், மொத்தத்தில் நிலைபேறு!

உங்கள் வீட்டு அவரைக் கொடியில் அசுவினி மொய்த்திருந்தால், மருந்துப் புட்டியை எடுக்குமுன் இலைகளைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு அங்கே இருக்கக்கூடும். கொடி முழுதும் நஞ்சு தெளித்தால் முதலில் இழப்பது நம் நண்பனையே அல்லவா?