கடைசி வழி முதல் வழியாகலாமா?

2022 டிசம்பர் இறுதியில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, ஓரிரு நாட்களில் உயிரிழந்தான். அடித்துக் கொன்றதாகக் கண்காணிப்பாளர் உள்ளிட்ட ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இல்லங்களின் செயல்பாட்டை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவைக் கொண்ட ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. தேவையான நடவடிக்கைதான். ஆனால், சுவருக்குள் நடப்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு சிறுவனை அந்தச் சுவருக்குள் அனுப்பும் உத்தரவும் கேள்விக்கு உள்ளாக வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பிணையே பொதுவிதி, இல்லத்தில் அடைப்பது கடைசி வழி.

வீட்டில் கண்டிக்க ஆளில்லாத பிள்ளையை விட்டுவிட்டால் மறுபடியும் தவறுவானே என்று கேட்கிறார்கள். நியாயமான கவலை. அதற்காகத்தான் பிணையாள் இல்லாமலும், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலும் விடுவிக்கச் சட்டம் இடம் தருகிறது. குற்றவாளிகளோடு சேரும் அபாயம், சிறுவனுக்கே ஆபத்து, நீதிக்குப் பங்கம் ஆகிய காரணங்களால் பிணையை மறுக்கலாம். அப்போதும் காரணத்தை எழுதியாக வேண்டும். இந்தப் பட்டியலில் வறுமை இல்லை. கொடுங்குற்றங்களைக் காட்டி வாதிடுவோர், பேட்டரித் திருட்டு அந்த வகையில் சேராது என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். மறுப்பு உத்தரவுகள் ஒவ்வொன்றையும் உயர் நீதிமன்றத்தின் சிறார் நீதிக் கண்காணிப்புக் குழு எடுத்துப் படிக்க வேண்டும்.