பிள்ளையின் மனதில் குறையில்லை

கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

ஓ.எல். பரீட்சை நெருங்குகிறது. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவ வரைக்கும் ஊருக்கு ஊர் "தன்னம்பிக்கைச் செயலமர்வு" தொடங்கிவிட்டது. கோட் போட்ட ஒருவர் வருவார். உன் எதிரி உன் மனம்தான், காலை 5 மணிக்கு எழும்பு, இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டு என்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பற்றிஸும் பிளேன்டீயும் கொடுப்பார்கள். அன்றிரவே படங்கள் முகநூலுக்கு வந்துவிடும்.

எந்தச் சுவரில் ஒட்டுவது? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில், அடுப்புப் புகையும் மழை ஈரமும் ஊறின சுவரிலா? 5 மணிக்கு எழும்பச் சொல்லி யாருக்குப் பாடம் நடத்துகிறோம்? பிரட்டுக்குப் போகிற தாயின் மகள் அதற்கு முன்னரே எழும்பி, தம்பிக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நம் வகுப்புக்கு வருகிறாள். கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று தெரிந்து, அட்டைக்கடியோடு கொழுந்து எடுக்கிற பெண்ணிடம் விடாமுயற்சி பற்றிப் பேச நமக்குக் கூச்சம் வேண்டும்.

2024 மே தினத்தில் நாட்சம்பளம் 1700 ரூபாய் என்று மேடையில் சொன்னார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அது 1350இல் வந்து நின்றது. அந்த 350 ரூபாய் யாருடைய எதிர்மறைச் சிந்தனையால் போனது?

"அப்படியென்றால் முயற்சியே வேண்டாமா சேர்?" என்று கேட்பீர்கள். வேண்டும். நாங்கள் ஆசிரியர்கள், முயற்சி வேண்டாம் என்று சொல்வோமா? ஆனால் இந்தப் பேச்சாளர்கள் எல்லோரும் தவறாமல் எடுக்கிற ஆயத் ஒன்று இருக்கிறது. ஸூரா ரஃத், 11ஆவது வசனம். அதை 16 வயதுப் பிள்ளையின் தலையில் வைத்து, "நீ மாறாவிட்டால் எதுவும் மாறாது" என்று முடிப்பார்கள். அந்த வசனத்தில் உள்ள சொல் "கவ்ம்". கவ்ம் என்றால் ஒரு சமூகம். மாற வேண்டியவர்கள் என்று அங்கே சொல்லப்படுவது நாம் எல்லோரும். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிற பெரியவர்களுக்கு இது வசதியாக மறந்துவிடுகிறது.

மலையகத்துக்கு இது புதிதல்ல. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். அதை எவரும் கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே பேசி மீட்கவில்லை. 1986 தைப்பொங்கலோடு தொண்டமான் பிரார்த்தனைப் போராட்டத்துக்கு அழைத்தார். தொழிலாளர் மலைக்குப் போகாமல் ஒன்றாக உட்கார்ந்து பிரார்த்தித்தார்கள். அதே வருடம் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. மிச்சத்துக்கு 2003 வரை போராட வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். ரிசல்ட்ஸ் வந்த அடுத்த கிழமையே புறக்கோட்டையிலிருந்து "நல்ல பிள்ளை ஒன்று பாருங்கள்" என்று போன் வருவது யாருக்கு? நம் டவுன் கடைக்காரர்களுக்கும்தான். சில நேரம் ரிசல்ட்ஸ் வரைக்கும் பொறுப்பதுமில்லை. 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள். அதே வருடம் ஜூலையில், கொழும்பில் வீட்டுவேலைக்கு இருந்த டயகமச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தாள். ஊரே ஸ்டேட்டஸ் வைத்தது. அதன் பிறகும் "பாவம், வீட்டில் கஷ்டம், நாமாவது ஒரு வழி காட்டுவோம்" என்று பிள்ளையை பஸ் ஏற்றிவிடுகிறவர்கள் நம் ஸப்பில் நிற்கிறார்கள். இதை ஸதகா என்று நினைப்பவர்களும் உண்டு. தொழுகை வேறு, கல்லாப்பெட்டி வேறு என்று நம் மார்க்கம் சொல்லவில்லை.

எங்கள் பிள்ளைகள் கணிதத்தில் விழுவது மனம் தளர்ந்து அல்ல. தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆள் இல்லை. மாற்றலாகிப் போன ஆசிரியரின் இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. எந்தப் பேச்சாளரும் மூன்று மணித்தியாலத்தில் அதை நிரப்ப முடியாது.

ஆகவே பள்ளி நிர்வாகத்துக்கும் நலன்விரும்பிகளுக்கும் சொல்கிறோம். இந்த முறை பேச்சாளர் வேண்டாம். மண்டபத்துக்கும் பெனருக்கும் போகிற பணத்தில் சனிக்கிழமைகளில் ஒரு கணித ஆசிரியரைக் கூப்பிடலாம். மத்ரஸா மண்டபம் மஃரிபுக்குப் பிறகு சும்மா கிடக்கிறது. மேசை இருக்கிறது, லைட் இருக்கிறது. லயத்துப் பிள்ளை, நம் பிள்ளை என்று பார்க்காமல் இரவு 8.30 வரை திறந்துவிடுங்கள். மேற்பார்வைக்கு நாங்கள் முறைபோட்டு வருகிறோம். பெண் பிள்ளைகளைத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோய் விட ஆட்டோ வேண்டும். டவுன் ஸ்டாண்டில் ஓடுகிற தம்பிமார், எந்தெந்த நாளில் யாருக்கு முடியும் என்று கீழே கொமண்டில் போடுங்கள்.