பூர்வாசிரமக் குரல்கள்

ஜோ ஸ்ட்ரம்மர் என்னும் ஆங்கிலப் பாடகரை, 'தி கிளாஷ்' குழுவின் முன்னணியில் நின்று பங்க் சங்கீதத்துக்கு அரசியல் ஆவேசம் ஊட்டியவர் என்றே உலகம் அறியுமாயினும், அதற்கு முன் இரண்டாண்டு காலம் அவர் 'ஒன் ஓ ஒன்னர்ஸ்' என்ற வேறொரு குழுவோடு லண்டன் நகரத்துப் பப்புகளில் பாடித் திரிந்தவர் என்பதும், அக்காலத்துப் பதிவுகள் 1981-இல் 'எல்ஜின் அவென்யூ பிரேக்டவுன்' என்ற இசைத்தட்டாகத் தொகுக்கப்பட்டன என்பதும் நம் வாசகர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை நம்பி நடக்கும் ஒரு சிற்றிதழுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

பப் என்றவுடன் நம் ஊர்ச் சாராயக்கடையை மனத்தில் கொண்டுவரலாகாது. அங்கே ஒரு மூலையில் சிறு மேடையிட்டுப் பாட்டும் நடக்கும். பெரிய அரங்குகளும், இருபது நிமிஷம் நீளும் வாத்திய விஸ்தாரங்களும் ராக் சங்கீதத்தைச் சாமானிய ஜனங்களிடமிருந்து பிரித்துவிட்ட 1970-களில், எளிய பழைய பாட்டை வியர்வை நெடியோடு திரும்பக் கொண்டுவந்த மேடைகள் அவை. ஆளற்றுக் கிடந்த வீட்டில் அனுமதியின்றிக் குடியேறி, அவ்வீட்டின் இலக்கமான 101-ஐயே குழுவின் பெயராகச் சூட்டிக்கொண்ட அந்த இளைஞர்கள் சக் பெரி முதலியோரின் வழியைப் பின்பற்றிப் பாடினார்கள். 1976 ஏப்ரலில், அவர்களுக்கு முன்னோடியாக மேடையேறிய 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவைக் கண்ட மாத்திரத்தில் தம் காலம் முடிந்துவிட்டதென்று ஸ்ட்ரம்மர் உணர்ந்தார். சில வாரங்களில் குழு கலைந்தது. 'கீஸ் டு யுவர் ஹார்ட்' என்ற அவர்களுடைய முதல் சிறுதட்டு கடைக்கு வந்தபோது, அதைப் பாடியவர் வேறு குழுவில் இருந்தார். பழையதெல்லாம் குப்பை என்பது பங்க்காரர்களின் அன்றைய கோஷம். ஆனால் பழைய குழுவோடு பாடிவந்த 'ஜங்கோ பார்ட்னர்' என்ற பாடலையே, நான்காண்டு கழித்து, 'சாண்டினிஸ்டா' தொகுப்பில் கிளாஷ் குழுவோடு அவர் மறுபடியும் பாடியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்விஷயத்தில் நமக்கு அக்கறை உண்டாவது, பாரதிதாசன் என்று பெயர் பெற்ற கனக சுப்புரத்தினம் என்ற புதுவை ஆசிரியரை நினைப்பதால்தான். மயிலம் மலை முருகனைப் பாடிய 'மயிலம் சுப்பிரமணியர் துதியமுது' 1926-இல் வெளிவந்தது; அதே கைதான் 1930-இல் மூடநம்பிக்கையைச் சாடும் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' என்ற காவியத்தை எழுதிற்று. பாரதியாரின் முன்னிலையில் அவர் பாடியதும், பாரதியாரே சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்ததுமான அந்த முதற்பாட்டு சக்தியின் புகழைப் பாடுவது. பின்னாளில் பாரதிதாசன் நாத்திகரென்று பகிரங்கமாக அறிவித்துக்கொண்டதை அறிந்த நம் அன்பர்கள் பலர், துதியமுதைப் பற்றிய பேச்சு எழுந்தால், குடும்பத்தில் நடந்த ஏதோ ஓர் அபவாதத்தை மூடுவதுபோலப் பேச்சை வேறுபக்கம் திருப்பிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பினரோ அதையே எடுத்துவைத்துக்கொண்டு, 'பாருங்கள், இவரும் முருகனைப் பாடியவர்தாம்' என்று வெற்றிக்கொடி நாட்டுகிறார்கள். இரு சாராரும் அந்நூலைப் படித்திருப்பார்களா என்பது எமக்குச் சந்தேகமே.

படித்தால் தெரியவரும் சங்கதி வேறு. சந்தம் பிசகாமல், நாவில் ஒட்டிக்கொள்ளும்படி, கூட்டத்தோடு கூடிப் பாடும்படி ஒரு பாட்டை அமைக்கும் வித்தையை அவர் கற்றது பக்திப் பாட்டில்தான். முருகனை முன்னிலைப்படுத்தி அழைத்த அந்த உரிமையான தொனியே பிறகு தொழிலாளியையும் கைம்பெண்ணையும் அழைக்கலாயிற்று. கொள்கை மாறிற்று, தொண்டை மாறவில்லை. மேடையில் நின்று பாடினால் கடைசி வரிசைக்கும் கேட்கிற ஒரு சுயமரியாதைக் கவிதை நமக்குக் கிடைத்திருக்கிறதென்றால், அதற்கு மயிலத்துப் படிக்கட்டுகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எமது அபிப்பிராயம். இதைச் சொல்வதனால் அவருடைய நாத்திகத்துக்கு அணுவளவும் குறைவு நேராது. அவரும் தம் ஆரம்பத்தை மறைத்தவரல்லர். 1935-இல் கவிதைக்கென்றே அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' என்று பெயரிட்டார். அந்த ஸ்ரீயைக் கண்டு அன்று எத்தனை தோழர்கள் முகம் சுளித்திருப்பார்களோ!

ஸ்ட்ரம்மருக்கு வாய்த்தது ஒலிப்பதிவு. சுப்புரத்தினத்துக்கு வாய்த்தது அச்சு. இரண்டும் வாய்க்காதவர்கள் நம் கொம்யூன்களில் ஏராளம். விடிய விடியக் கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டியவரும், கட்சி மேடையில் பாடியவரும், பின்னர் வேறு துறையில் பெயர் பெற்றதும் முந்திய பாட்டைப் பற்றிப் பேசக் கூசுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணிலோ, பூஞ்சை பிடித்த ஒலிநாடாக்களும் அட்டை கிழிந்த பாட்டுப் புஸ்தகங்களும் கிடக்கின்றன.

ஆகவே அடுத்த இதழ் தொடங்கி, எழுத்தாளர்கள், பாடகர்கள், கூத்தாடிகள் ஆகியோரின் முதற்காலப் படைப்புகளை, அவர்களுடைய சம்மதத்தோடு, எழுதிய தேதியைக் குறித்து, ஓர் எழுத்தும் திருத்தாமல் வெளியிட உத்தேசித்திருக்கிறோம். திருத்தித் தருகிறேன் என்று கேட்பவர்களுக்கு இப்பொழுதே சொல்லிவிடுகிறோம், அது கூடாது. ஒலிநாடா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பழைய கருவியில் போட்டுச் சோதித்துப் பார்க்க முனையாமல், நாடா அறுந்துபோகுமுன் அப்படியே எம்மிடம் கொடுத்தால் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.